நடுவழியிலும் அழைக்கிறவர்



சேர்வராயன், கல்வராயன் மலைகளின் பக்கத்தில் பிறக்கும் ஓடைகள் ஒன்றுசேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கின்றன. மலையில் பிறக்கும் இடத்துக்கு ஓர் அழகு உண்டு. கடலில் கலக்கும் இடத்துக்கும் ஓர் அழகு உண்டு. ஆனால் நம்முடைய திட்டக்குடி இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவிலே. இங்கே வருஷத்தில் பல மாதங்கள் ஆற்றில் மணல்தான் தெரியும். பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறவர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

என்றாலும் ஆற்றின் தண்ணீர் வயலுக்குப் போவது எங்கே என்று ஒரு விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். மலையிலும் அல்ல, கடலோரத்திலும் அல்ல, நடுவழியிலேதான். தொழுதூர் அணைக்கட்டில் வெள்ளாற்றுத் தண்ணீரைத் திருப்பி, கீழ்ச்செருவாயிலுள்ள வெலிங்டன் ஏரியில் தேக்கி, அங்கிருந்து வாய்க்கால் வழியாக வயல்களுக்கு விடுகிறார்கள். 1913-ல் தொடங்கிய அந்த ஏரி வேலை முடிய 1923 ஆயிற்று. பத்து வருஷங்கள் ஆட்கள் மண் சுமந்தார்கள். அஸ்திவாரம் போட்டதையும் திறந்து வைத்ததையும் சொல்வதற்கு ஆள் உண்டு. இடையிலே சுமந்த கூடைகளை எண்ணினவர் யார்?

மனுஷ வாழ்க்கையும் இப்படியே இருக்கிறது. தொடக்கத்தைப் பற்றிச் சாட்சி சொல்லுகிறோம். முடிவைப் பற்றி நினைவுக் கூட்டத்தில் பேசுகிறோம். நடுவிலே கிடக்கும் இருபது முப்பது வருஷங்களைப் பற்றி அதிகமாகப் பேசுவதில்லை. இந்த இதழில் அந்த நடுப்பகுதியைக் குறித்துச் சற்று விளக்கமாக எழுத விரும்புகிறோம்.

நடுவழி என்றால் என்ன?

ஒரு வாலிபன் கன்வென்ஷன் கூட்டத்தில் எழுந்து நின்று தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறான். ஒரு பெண்பிள்ளை நர்சிங் பயிற்சி முடித்து, விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கிறாள். அந்த நாளில் கண்ணீரும் உண்டு, சந்தோஷமும் உண்டு. போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பின்பு இருபது வருஷங்கள் கடந்து போகின்றன. அந்த வாலிபனுக்கு இப்பொழுது நாற்பத்தைந்து வயது. வீட்டுக் கடனில் பாதி இன்னும் பாக்கி. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், தாயாருக்குச் சர்க்கரை வியாதி. ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறார். ஆனால் ஜெபிக்கும்போது வார்த்தைகள் வாயிலேயே நின்றுவிடுகின்றன. அந்த நர்ஸ் அம்மாள் ஆயிரக்கணக்கான இரவு டியூட்டி பார்த்துவிட்டார். அவர் காப்பாற்றிய பிள்ளைகளின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. அவர் பெயரும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. "நான் செய்வதினால் ஏதாவது பிரயோஜனம் உண்டா? ஆண்டவர் என்னை அழைத்தது இதற்காகத்தானா?" இந்தக் கேள்வி வருவது பெரும்பாலும் துன்பம் உச்சத்தில் இருக்கும்போது அல்ல. எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தில்தான் வருகிறது.

இதை அவிசுவாசம் என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் உண்மையுள்ளவர்கள். உழைக்காதவனுக்கு இந்தக் கேள்வியே வராது.

வேதத்தில் எழுதப்படாத வருஷங்கள்

வேதாகமத்தை இந்தக் கண்ணோட்டத்தோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆச்சரியமாயிருக்கும்.

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது எழுபத்தைந்து வயது. ஈசாக்கு பிறந்தபோது நூறு வயது. வாக்குத்தத்தத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே இருபத்தைந்து வருஷங்கள். யோசேப்பைப் பதினேழாவது வயதில் விற்றுப்போட்டார்கள். பார்வோனுக்கு முன்பாக நின்றபோது அவனுக்கு முப்பது வயது. அதிலும் பானபாத்திரக்காரன் விடுதலையாகிப் போன பின்பு இரண்டு முழு வருஷம் அவனை யாரும் நினைக்கவில்லை. மோசே மீதியானிலே நாற்பது வருஷம் இருந்தான் என்று ஸ்தேவான் சொல்லுகிறார். எகிப்தின் அரண்மனையிலே வளர்ந்தவன் மாமனாருடைய ஆடுகளை மேய்த்தான். சொந்த ஆடுகூட அல்ல! பவுல் செசரியாவில் இரண்டு வருஷம் காவலில் கிடந்தார். பேலிக்ஸ் வழக்கைத் தீர்க்காமலே வைத்திருந்தான்.

இவர்கள் எல்லோருக்கும் மேலாக நம் ஆண்டவரைப் பாருங்கள். அவர் வெளியரங்கமான ஊழியத்தைத் தொடங்கியபோது ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். பன்னிரண்டு வயதில் தேவாலயத்திலே காணப்பட்டதற்குப் பிறகு யோர்தான் கரைக்கு வரும்வரை பதினெட்டு வருஷங்களைக் குறித்து, வளர்ந்தார், கீழ்ப்படிந்திருந்தார் என்பதற்கு மேல் நமக்கு அதிகம் சொல்லப்படவில்லை. நாசரேத்து ஊரார் அவரைத் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள். நுகத்தடியும் கதவும் செய்த அந்த வருஷங்கள் வீணாய்ப் போனவை என்று நம்மில் யார் சொல்லத் துணிவோம்? யோர்தானிலே பிதாவின் பிரியம் அறிவிக்கப்பட்டபோது அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு வியாதியஸ்தனையும் சுகமாக்கவில்லை. அந்தப் பிரியம் நடுவழியின் வருஷங்கள் மேல் வைக்கப்பட்ட முத்திரை.

எழுதப்படாத வருஷங்கள் தேவனால் மறக்கப்பட்ட வருஷங்கள் அல்ல என்பதே இதிலிருந்து நாம் முதலாவது கற்றுக்கொள்ளும் பாடம்.

திண்டிவனத்து இரவுக்குப் பின்பு

மிஷன் ஆஸ்பத்திரிகளைத் தாங்குகிற உங்களில் அநேகருக்கு ஐடா ஸ்கடர் அம்மையாரின் அழைப்பைப் பற்றித் தெரிந்திருக்கும். அது நடந்தது நம்முடைய பழைய தென்னாற்காடு ஜில்லாவிலேயே. 1870-ல் ராணிப்பேட்டையில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் ஐடா. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. ஆனால் ஐடாவுக்கு மிஷனரி ஆக விருப்பமில்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாயாருக்கு உடல்நலமில்லை என்று கேட்டு 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் இளம் மனைவியருக்கு உதவ வரும்படி கேட்டார்கள். டாக்டரான தகப்பனாரை அழைத்துப் போகச் சொன்னபோது, ஆண் மருத்துவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துப் போயிருந்தார்கள். அன்று ஐடா தம்மை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார்.

இதுவரை எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு நேரே வேலூரின் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தாண்டிவிடுகிறோம். நடுவில் நடந்தது என்ன?

முதலாவது, படிப்பு. அந்த இரவுக்குப் பிறகு அவர் டாக்டர் பட்டம் பெற ஒன்பது வருஷங்கள் ஆயின. 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முடித்தார். 1900-ம் வருஷத் தொடக்கத்தில், ஷெல் என்ற ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலர் காணிக்கையோடு வந்து சேர்ந்தார். தகப்பனாரோடு கூட இருந்து தொழில் கற்றுக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் அந்த வருஷமே மே மாதத்தில் தகப்பனார் மரித்துப்போனார். கைபிடித்து நடத்த வேண்டியவர் போய்விட்டார். இளம் டாக்டர் வேலூர் பங்களாவிலேயே ஒரு சிறு இடத்தில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

இனி வருவதுதான் நடுவழி. 1902 முதல் 1918 வரை பதினாறு வருஷங்கள். காலையில் வார்டு, பிறகு ஆப்பரேஷன், மத்தியானம் வெளிநோயாளிகள், ராத்திரியில் பிரசவக் கேஸ். வாரத்துக்கு ஒருநாள் குடியாத்தம். 1909-ல் ஒரு சிறு பேஜோ மோட்டார் வண்டி வந்த பிறகு, போகும் வழியில் மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் இறங்கி இறங்கி மருந்து கொடுத்தார். குஷ்டரோகிகளும் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரமும் அதே சாலை, அதே மரங்கள், பெரும்பாலும் அதே புண்கள்.

இப்பொழுது ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். திண்டிவனத்து இரவில் ஐடா அம்மையார் பெற்ற அழைப்பு, தாம் ஒரு பெண் டாக்டராகி இந்தியப் பெண்களுக்கு உதவ வேண்டும் என்பதே. மருத்துவக் கல்லூரி தொடங்க வேண்டும் என்ற தரிசனம் அந்த இரவின் கதையில் இல்லை. அது எப்பொழுது வந்தது? ஒவ்வொரு நாளும் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து வந்தது. ஒருத்தி எவ்வளவு உழைத்தாலும் போதாது என்பது வேலை செய்தவருக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி திறந்து ஏழு வருஷம் கழித்து, 1909-ல், நர்சுப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பதினாறு வருஷம் கழித்து, 1918-ல், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. பெண்கள் யார் படிக்க வருவார்கள் என்று அரசாங்க அதிகாரிகளே சந்தேகப்பட்ட காலம் அது. 1922-ல் முதல் அணியாகப் பதினான்கு பெண்கள் பட்டயம் பெற்று வெளியே வந்தார்கள். கதவைத் தட்டியவர்களுக்கு அனுப்புவதற்குப் பெண் டாக்டர் இல்லாத நாட்டில், பதினான்கு பெண் டாக்டர்கள்!

ஆகவே, வாழ்க்கையின் நோக்கம் முழுவதும் தொடக்கத்திலேயே கையில் கொடுக்கப்பட்டுவிடும் என்று நாம் எண்ணக் கூடாது. தொடக்கத்தில் ஓர் அடிக்கு வேண்டிய வெளிச்சம் கிடைக்கிறது. மீதி, அந்த அடியைத் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கும்போது தெளிவாகிறது. "என் நோக்கம் என்ன என்று தெரியவில்லையே" என்று நடுவழியில் கலங்குகிறவர்களுக்கு இது ஆறுதல். தெரியாமலிருப்பது அழைப்பு தவறிப்போனதற்கு அடையாளம் அல்ல. வேலையே இன்னும் நமக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நடுவழி அத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 1938-ல், பட்டயப் படிப்புகளை நிறுத்தி மருத்துவக் கல்வியைப் பட்டப்படிப்பாக உயர்த்த வேண்டும் என்று சென்னை அரசாங்கம் தீர்மானித்தது. அதற்கு வேண்டிய பேராசிரியர்களோ படுக்கைகளோ பணமோ வேலூரில் இல்லை. ஐடா அம்மையாருக்கு அப்பொழுது வயது அறுபத்தேழு. ஓய்வுபெற வேண்டிய வயதில் மறுபடியும் நடுவழி! எழுபது வயதைக் கடந்த பிறகு, யுத்த காலத்தில், அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ச் சபைகளில் பேசிக் காணிக்கை சேர்த்தார். 1942-ல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-ல் ஆண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். 1960 மே மாதம் கொடைக்கானலில் அவர் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார்.

பெயர் வராதவர்கள்

1900-ல் ஐடா அம்மையாரோடு அதே பயணத்தில் வந்தவர் ஆனி ஹான்காக் என்ற அவருடைய தோழி. அவர் டாக்டர் அல்ல. வேலூரில் வீடு வீடாகப் போய், வெளியே வராத பெண்களோடு உட்கார்ந்து பேசி, வேதத்தைச் சொல்லிக்கொடுத்து, ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஊழியம் செய்தார். அவர் பெயரில் நாம் அதிகம் கேள்விப்படுவதில்லை. ஆனால் ஒரு புதிய ஆஸ்பத்திரியின் வாசலுக்குப் பெண்கள் பயமில்லாமல் வர வேண்டுமானால், யாராவது முன்பே அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்தத் தென்னாற்காடு பிரதேசத்திலேயே, 1860-களிலிருந்து டென்மார்க் தேசத்து மிஷனரிகள் ஊழியம் செய்திருக்கிறார்கள். அதன் கனியாக ஆற்காடு லுத்தரன் திருச்சபை இன்று நம் நடுவே இருக்கிறது. திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அந்த நாட்களின் உபதேசியார்கள், பைபிள் வுமன்கள், கம்பவுண்டர்கள், மருத்துவச்சிகள், வார்டைத் துடைத்த ஆயாக்கள் எத்தனையோ பேர். அவர்கள் வாழ்க்கை முழுவதுமே நடுவழி என்று சொல்லலாம். அவர்களைக் கழித்துவிட்டால் பெரிய பெயர்களும் நிற்காது.

சூளை சொல்லும் பாடம்

திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் போகிறவர்களுக்கு அங்குள்ள பீங்கான் தொழில் பழக்கமானது. பொம்மைகளும், மின்சார ஃபியூஸ் கேரியர் முதலான சாமான்களும் அங்கே செய்யப்படுகின்றன. எரேமியா தீர்க்கதரிசியைக் குயவன் வீட்டுக்குப் போகச் சொன்ன தேவன், நம்மையும் ஒரு பீங்கான் சூளைக்கு அனுப்பினால் என்ன கற்றுக்கொள்வோம்?

களிமண்ணையும் சில கல் மாவுகளையும் அரைத்துக் கரைத்து அச்சில் வார்க்கிறார்கள். உருவம் வருவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. பார்ப்பதற்குப் பொம்மை முடிந்தது போலவே இருக்கும். ஆனால் அதைத் தண்ணீரில் போட்டால் மறுபடியும் சேறாகிவிடும். அது முதலில் நிதானமாகக் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் சுருங்கி வெடிக்கும். பின்பு சூளையில் சூட்டைப் படிப்படியாக ஏற்றுவார்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது ஒரேயடியாகச் சூடேற்றினால், அந்த ஈரம் ஆவியாகி மண்ணையே பிளந்துவிடும். ஐந்நூறு, அறுநூறு டிகிரிச் சூட்டில், மண்ணின் இயல்போடு கலந்திருந்த நீரும் வெளியேறுகிறது. அதற்குப் பிறகு அந்த மண் திரும்பவும் சேறாவதில்லை. இன்னும் சூடு ஏறி ஆயிரத்து இருநூறு டிகிரி வாக்கில், கலவையிலுள்ள சில கற்கள் உருகிக் கண்ணாடியைப் போலாகி, மற்ற துகள்களை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பீங்கானுக்கு உறுதி வருவது அங்கேதான்.

இங்கே ஒரு விசேஷம் உண்டு. அந்த உச்சச் சூட்டை எட்டினவுடன் நெருப்பை நிறுத்திவிட மாட்டார்கள். அதே சூட்டில் கொஞ்ச நேரம் ஊறவிடுவார்கள். அப்பொழுதுதான் வெளியே பட்ட சூடு நடுப்பகுதி வரைக்கும் போய்ச் சேரும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் நடப்பதாகவே தெரியாது. சூடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. பிறகு ஆறவைப்பதும் மெதுவாகவே. அவசரமாகச் சூளையைத் திறந்தால், அத்தனை சூட்டையும் தாங்கின பாத்திரம் குளிர்ந்த காற்றிலே கீறல் விடும்.

நம்முடைய ஐந்து வருஷமும் பத்து வருஷமும் இப்படி ஊறுகிற காலமாக இருக்கலாம். உருவம் கொடுத்த நாளை நாம் மறக்கவில்லை. ஆனால் மின்சாரத்தைத் தாங்கும் உறுதி அச்சிலிருந்து வருவதல்ல, சூளையிலிருந்து வருவது.

நடுவழி உடைந்துபோனால்?

சிலருக்கு நடுவழி நீளமாயிருப்பது கஷ்டம். வேறு சிலருக்கோ அது நடுவிலேயே ஒடிந்துபோகிறது. வியாதி வருகிறது, விபத்து வருகிறது, வேலை போகிறது, கைக்கு வந்த பிள்ளை போய்விடுகிறது. அவர்களிடத்தில் போய், எல்லாம் நன்மைக்கே என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வரக்கூடாது.

டாக்டர் மேரி வர்கீஸ் கேரளத்தில் பிறந்து வேலூரில் படித்தவர். 1954-ல் நடந்த ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. ஆப்பரேஷன் செய்யும் டாக்டராக வேண்டும் என்றிருந்தவர், மறுபடி எழுந்து நிற்கவே முடியாது என்றாயிற்று. அந்நாட்களில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும், குஷ்டரோகத்தினால் மடங்கிப்போன கைவிரல்களை, தசைநாண்களை மாற்றிவைத்துச் சீராக்கும் சிகிச்சையைச் செய்துவந்தார்கள். கை ஆப்பரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். ஆகவே மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தபடியே அந்தச் சிகிச்சையைச் செய்யத் தொடங்கினார். பின்பு நியூயார்க் சென்று, ஊனமுற்றோருக்கு மறுவாழ்வு அளிக்கும் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1960-களில் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. 1972-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்திருக்கும் ஒரு வாலிபனிடம், "தம்பி, வாழலாம்" என்று சொல்ல அவருக்கு இருந்த உரிமை வேறு எந்த டாக்டருக்கும் இல்லை.

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் 1931-ல் கீழே விழுந்து காயப்பட்டார். அதற்குப் பிறகு 1951-ல் மரிக்கும் வரையில் ஏறக்குறைய இருபது வருஷங்கள் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். ஓடியாடி வேலை செய்தவருக்கு அது எவ்வளவு பாரமாயிருந்திருக்கும்! அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், கடிதங்கள் எழுதினார், ஜெபித்தார்.

இவர்கள் இருவருக்கும் இழந்துபோனது திரும்பக் கிடைக்கவில்லை. மேரி வர்கீஸ் மறுபடி நடக்கவில்லை. ஏமி அம்மையார் பிள்ளைகளோடு மறுபடி மலையேறவில்லை. ஆனால் மீந்திருந்ததைக் கொண்டு அழைப்பு தொடர்ந்தது. உன் கையில் இருப்பது என்ன என்று மோசேயிடம் ஆண்டவர் விசாரித்தார்; உன் கையைவிட்டுப் போனது என்ன என்று கேட்கவில்லை.

சோர்வா? வியாதியா?

மிஷன் ஆஸ்பத்திரிகளின் நண்பர்களாகிய உங்களுக்கு இந்த இடத்தில் ஒரு மருத்துவக் குறிப்பும் சொல்ல வேண்டும். நடுவயதின் சோர்வெல்லாம் ஆத்துமாவின் சோர்வு அல்ல.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகும்படி வேண்டிக்கொண்டபோது, தேவன் முதலில் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதன் எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கினான், மறுபடியும் சாப்பிட்டான். அதற்குப் பிறகே ஓரேப் பர்வதமும் மெல்லிய சத்தமும். இந்த ஒழுங்கை நாம் தலைகீழாக மாற்றக் கூடாது.

எப்பொழுதும் அசதி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் இருந்தால் இரத்தசோகையா, தைராய்டு குறைவா, சர்க்கரையா என்று பார்க்க வேண்டும். முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பரிசோதிக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். கூச்சப்படாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வரும் தூக்கமின்மையையும் மனக்கலக்கத்தையும் "அம்மாவுக்குக் கோபம் அதிகமாகிவிட்டது" என்று வீட்டார் பேசுவதோடு விட்டுவிடக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு, முன்பு பிரியமாயிருந்த எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, தான் எதற்கும் உதவாதவன் என்றோ செத்துவிடலாம் என்றோ எண்ணம் வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, குணமாகிறவர்கள் அநேகர். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவரைத் தனியே விடாமல் தாமதமின்றி டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். "விசுவாசம் குறைவு, இன்னும் ஜெபி" என்று மட்டும் சொல்லி அனுப்புவது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வதற்குச் சமம். ஜெபமும் வேண்டும், மருந்தும் வேண்டும். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்ததே மிஷன் ஆஸ்பத்திரி.

நடந்துபோக உதவும் சில பழக்கங்கள்

முதலாவது, ஒரு சிறு காரியத்தை ஒழுங்காகச் செய்யுங்கள். உணர்ச்சி வரும்வரை ஜெபத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சங்கீதங்களில் ஒன்றை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். உணர்ச்சி விருந்தாளியைப் போல வரும், போகும். பழக்கம் வீட்டாளாக நிற்கும்.

இரண்டாவது, எண்ணிப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, உங்கள் பிறந்தநாளிலோ வருஷக் கடைசி ஆராதனைக்கு முன்போ, அந்த வருஷத்தில் உங்கள் கையின் வழியாகக் கடந்துபோன ஆட்களின் பெயரை எழுதுங்கள். பாடம் கேட்ட பிள்ளை, ரசீது வாங்கின கிழவி, சண்டை தீர்த்துவைத்த பக்கத்து வீட்டார். பட்டியலைப் பார்க்கும்போது நாட்கள் வெறுமையாகப் போகவில்லை என்பது தெரியும்.

மூன்றாவது, உங்களைவிட இருபது வயது மூத்த ஒருவரோடும், இருபது வயது இளைய ஒருவரோடும் பேசுங்கள். மூத்தவர் வழி முடிகிறது என்று காட்டுவார். இளையவர் வழி எங்கே தொடங்கினது என்று நினைப்பூட்டுவார். நடுவில் இருக்கிறவன் இந்த இருவருக்கும் பாலமாக இருக்கிறான். அதுவே ஒரு நோக்கம்.

நான்காவது, வேலையை விட்டுவிட வேண்டும் என்ற தீர்மானத்தைக் களைத்திருக்கும்போது எடுக்காதீர்கள். தூங்கி, சாப்பிட்டு, ஓய்ந்த பிறகும் அதே எண்ணம் மாதக்கணக்கில் நின்றால், அப்பொழுது ஜெபத்தோடும் நல்ல ஆலோசனையோடும் யோசிக்கலாம். சிலவேளை நடுவழியில் திருப்பமும் உண்டு; மேரி வர்கீஸுக்கு இருந்தது.

தாங்குகிறவர்களின் நடுவழி

கடைசியாக, காணிக்கை கொடுக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது கொடுப்பது எளிது. அங்கே கல்லில் பெயர் இருக்கும். திறப்பு விழாவுக்குக் கொடுப்பதும் எளிது. மாதந்தோறும் பஞ்சுக்கும் பினாயிலுக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் கொடுப்பது கடினம். அதற்குப் போட்டோ கிடையாது. ஆனாலும் பஞ்சு இல்லாத நாளில் அந்தக் கல் ஒரு புண்ணையும் துடைக்காது.

கெர்ட்ரூட் டாட் என்ற அமெரிக்க அம்மையார் ஐடா ஸ்கடரின் வேலையைத் தாங்குகிற தோழியாக இருந்து, பின்பு வேலூருக்கே வந்து, 1944-ல் மரிக்கும் வரையில் அந்த ஊழியத்தோடேயே நின்றார். 1920-களின் தொடக்கத்தில், வேலூர் உள்ளிட்ட கீழ்த்திசைப் பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கச் சபைகளின் பெண்கள் பெரும் தொகை சேர்த்தார்கள். அதில் செல்வந்தர் பணமும் உண்டு. ஒவ்வொரு டாலராகச் சேர்ந்த பணமும் உண்டு. அந்த ஒற்றை டாலர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வேலூரைக் கண்ணால் பார்த்ததில்லை. தங்கள் பணம் எந்தப் பெண்ணின் படிப்புக்குப் போயிற்று, அவள் எந்தக் கிராமத்தில் எந்தத் தாயைப் பிழைக்கவைத்தாள் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் இருந்ததும் நடுவழியிலேதான்.

கலாத்தியருக்கு எழுதும்போது பவுல், அறுவடையைப் பற்றியும் தளர்ந்துபோவதைப் பற்றியும் ஒரே மூச்சில் எழுதுகிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் காரியங்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். சம்பா நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே களையெடுக்கும் நாட்களே அதிகம். குனிந்து எடுப்பவர்களுக்கு முதுகு வலிக்கும். வயல் பச்சையாக மட்டுமே இருக்கும். ஒரு கதிரும் கண்ணில் படாது. ஆனால் அந்த நாட்களில் வயலைவிட்டு வீட்டுக்குப் போய்விட்டவருக்கு அறுப்பு இல்லை.

இந்த மாதம் உங்கள் குடும்ப ஜெபத்தில், நெடுநாளாக ஒரே வேலையைச் செய்துவரும் ஒருவரைப் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையின் கோயில்பிள்ளையாக இருக்கலாம். பிள்ளையின் பள்ளி ஆயாவாக இருக்கலாம். இருபது வருஷமாகப் படுத்திருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளாக இருக்கலாம். ஜெபித்ததோடு நில்லாமல், அவரைப் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். தொடக்கத்தில் அழைத்தவர் நடுவழியிலும் கூடவே நடக்கிறார் என்பதை, அந்த வார்த்தையின் மூலமாகவே அவர் அறிந்துகொள்ளக்கூடும்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.